ஆண் மோப்பம், பெண் மோப்பம்: ஆய்வேட்டுக்கு எந்த அந்துப்பூச்சியை எடுப்பது?

தீபாவளி லீவு முடிந்ததும் விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆய்வேட்டுத் தலைப்போடு என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். பாதிப் பேர் சீனியர் போன வருடம் செய்ததையே ஊரை மட்டும் மாற்றிக் கொண்டுவருவார்கள். இந்த முறை ஒருத்தி வேறு மாதிரி கேட்டாள். "அந்துப்பூச்சியில ஆணுக்கும் பெண்ணுக்கும் மோப்ப நரம்பே வேற வேறன்னு படிச்சேன் மேடம். அதைப் பண்ணலாமா? எந்தப் பூச்சியை எடுக்கட்டும்?"

முதல் கேள்விக்கு உடனே சரி சொன்னேன். இரண்டாவதற்கு ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். நவம்பரில் தவறான பூச்சியை எடுத்துவிட்டு பிப்ரவரியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. ஒரு முறை கண்ணைக் கசக்கியது நானேதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

கையில் இருந்த பெயர்கள் நான்கு: பட்டுப்பூச்சி, புகையிலைக் கொம்புப்புழு, பச்சைக் காய்ப்புழு, புரோடீனியா. ஒப்பிடுவதற்கு முன், எதை அளக்கப் போகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்துப்பூச்சிக்கு உணர்கொம்புதான் மூக்கு. அதில் ஆயிரக்கணக்கில் நுண்மயிர்கள். ஒவ்வொரு மயிரின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். உள்ளே இரண்டு மூன்று நரம்பணுக்கள். வாசனை மூலக்கூறு துளை வழியே போய், நரம்பணுவில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியைத் தொட்டால் செய்தி மூளைக்குப் போகும். மூளையின் முன்பக்கம் இருக்கும் உணர்கொம்பு மடலில் இந்த நரம்பிழைகள் சிறு சிறு உருண்டைகளாக முடிச்சுப் போட்டிருக்கும். குளோமெருலஸ் என்று பெயர். நான் முடிச்சு என்றே சொல்கிறேன். ஒரே வகை ஏற்பி கொண்ட நரம்பிழைகள் உணர்கொம்பில் எங்கிருந்து புறப்பட்டாலும் பொதுவாக ஒரே முடிச்சில் வந்து சேரும்.

ஆணின் மூளையில் உணர்கொம்பு நரம்பு நுழையும் வாசலிலேயே சில முடிச்சுகள் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு வீங்கியிருக்கும். ஆணை அழைக்கப் பெண் விடும் வாசனையான பெரோமோனுக்கென்றே ஒதுக்கிய இடம் அது. பெருமுடிச்சுத் தொகுதி என்று வைத்துக்கொள்வோம். "பெண்ணில் இது இல்லை" என்று எழுதிவிட்டுப் பாடநூல்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். பெண்ணுக்கு அந்த இடத்தில் வேறு என்ன இருக்கிறது, அவள் எதை மோப்பம் பிடிக்கிறாள் என்று கேட்டால், பூச்சிக்குப் பூச்சி பதில் மாறும். எந்தப் பூச்சியை எடுப்பது என்பது கடைசியில் அந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

பட்டுப்பூச்சி

முதலில் இதன் வசதிகள். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் காலையில் போய் நின்றால் உயிருள்ள கூடு கிடைக்கும். நூற்பவர்களுக்கு விற்க வருவது என்பதால் உள்ளே கூட்டுப்புழு செத்திருக்காது. வாங்கி வந்து ஒரு வாரம் வைத்தால் பூச்சி வெளியே வந்துவிடும். மல்பெரி நறுக்க வேண்டாம், புழு வளர்க்க வேண்டாம். கூட்டின் ஓரத்தை பிளேடால் கீறிக் கூட்டுப்புழுவை வெளியே எடுத்து அடிவயிற்றைப் பார்த்தால் ஆண் எது பெண் எது என்று அப்போதே பிரித்துவிடலாம்: பெண்ணில் வால் பக்கம் எக்ஸ் போல ஒரு கோடு, ஆணில் ஒரு சிறு புள்ளி. பத்து எண்ணிப் பழகினால் பதினொன்றாவது தானாக வரும்.

அப்புறம், இந்தப் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. ஆயிரக்கணக்கான வருடமாக மனிதன் வளர்த்து வளர்த்து, இறகு இருந்தும் நடக்கிற பிராணியாக ஆகிவிட்டது. சாப்பாடும் கிடையாது, வெளிவந்த ஒரு வாரம், பத்து நாளில் கதை முடிந்துவிடும். பரிதாபம்தான், ஆனால் ஆய்வு செய்பவருக்கு வரம். காற்றுச் சுரங்கம் வேண்டாம், இருட்டறை வேண்டாம், பட்டப்பகலில் மேசைமேல் வைத்தே சோதிக்கலாம்.

சோதனை எப்படி இருக்கும் என்றால்: காலையில் வெளிவந்த பெண் ஒன்று வயிறு நிறைய முட்டையோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். வயிற்று நுனியிலிருந்து மஞ்சள் நிறத்தில் இரண்டு சிறு பைகள் பிதுங்கி நிற்கும். அந்தப் பையில் வடிதாளின் ஓரத்தை லேசாக ஒற்றி எடுங்கள். நமக்கு ஒரு வாசனையும் தெரியாது. அந்தத் தாளை, சும்மா கிடக்கும் ஆணுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்ல ஊதுங்கள். முதலில் உணர்கொம்பு இரண்டும் நிமிரும். அடுத்த நொடி இறகுகள் மோட்டார் போட்டதுபோல் படபடக்கும். பிறகு நேராக நடக்கும், வாசனை விட்டுப்போனால் இடமும் வலமுமாக வளையும், அதற்கும் கிடைக்காவிட்டால் வட்டமடிக்கும். ஓர் உணர்கொம்பை வெட்டிவிட்டால், மிச்சமிருக்கிற கொம்பின் பக்கமே திரும்பித் திரும்பிச் சுற்றும். அதே தாளைப் பெண்ணுக்குக் காட்டினால் அவள் இருந்த இடத்தில் இருப்பாள்.

இத்தனைக்கும் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரின் உணர்கொம்பும் சீப்பு மாதிரி ஏறக்குறைய ஒரே வடிவம். வித்தியாசமெல்லாம் உள்ளே. ஆணின் ஒரு கொம்பில் சுமார் 17,000 நீள மயிர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நரம்பணுக்கள். ஒன்று பாம்பிகால் என்ற பெரோமோனுக்கு, மற்றது பாம்பிகால் ஆக்சிஜனேற்றம் அடைந்து வரும் ஆல்டிஹைடுக்கு. பெண்ணிலும் நீள மயிர்கள் உண்டு. ஆனால் அவற்றில் இருக்கும் நரம்பணுக்கள், செடிகள் விடும் வாசனைப் பொருளான லினலூலுக்கும், பென்சாயிக் அமிலத்துக்கும் பதில் சொல்பவை. தான் விடும் வாசனை அவளுக்கே எட்டாது.

இந்தப் பூச்சியின் பின்னால் இருக்கும் வேலையும் சாதாரணமானதில்லை. முதன்முதலில் வேதியியல் ரீதியாக அடையாளம் கண்ட பெரோமோனே பாம்பிகால்தான். ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனான்ட் ஏறத்தாழ 20 வருடம் உழைத்து, சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளிலிருந்து எடுத்து 1959இல் வெளியிட்டார். உணர்கொம்பிலிருந்து மின்னழுத்தத்தைப் பதிவு செய்யும் ஈ.ஏ.ஜி. முறையை 1957இல் டீட்ரிக் ஷ்னைடர் காட்டியதும் இதே பட்டுப்பூச்சியில்தான். ஒரு நரம்புத் துடிப்புக்கு ஒரே ஒரு பாம்பிகால் மூலக்கூறு போதும் என்று 1970இல் கணக்குப் போட்டார்கள். 2004இல் ஜப்பானியர்கள் ஆணில் மட்டும் வேலை செய்யும் ஏற்பியைப் பிடித்தார்கள். 2011இல் அதைவிடச் சுவாரசியமான ஒன்று: வைரமுதுகுப் பூச்சியின் பெரோமோன் ஏற்பியை ஆண் பட்டுப்பூச்சியின் பாம்பிகால் நரம்பணுவில் மரபணு மூலம் பொருத்தினார்கள். அந்த ஆண், முட்டைக்கோசைத் தின்னும் அந்தச் சின்னப் பூச்சியின் பெண்ணைப் பார்த்தும் இறகடித்தது. எந்த வாசனைக்கு எழுவது என்பதை ஏற்பியும், எழுந்த பிறகு என்ன செய்வது என்பதை மூளைக்குள் போகும் தடமும் முடிவு செய்கின்றன என்று இதைவிட நேராகக் காட்ட முடியாது.

குறை என்ன? இரண்டு. முதலாவது சின்னது. பாம்பிகால் எங்கும் ஒட்டும். நான் கண்ணைக் கசக்கிய கதை இதுதான். முதல் வருடம் ஆணையும் பெண்ணையும் ஒரே அறையில் இரண்டு தட்டில் வைத்திருந்தோம், இடுக்கி ஒன்றுதான். வெறும் தாளைக் காட்டினாலும் ஆண்கள் ஆடின. "ஆண் வாசனைக்கே ஆண் ஆடுகிறது, புதுக் கண்டுபிடிப்பு" என்று இரண்டு நாள் நாங்களே ஆடினோம். மூன்றாம் நாள் ஒரு மாணவி கையுறையோடு தட்டைத் தாண்டிப் போனாள். மொத்த ஆண்களும் அவள் கையைப் பார்த்துத் திரும்பின. அறுபது பூச்சியின் தரவும் குப்பைக்கூடைக்குப் போனது. பெண்ணுக்குத் தனி அறை, தனி இடுக்கி, தனிக் கையுறை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. விடுதி அறையில் வைப்பதாக இருந்தால் கொசுவத்திச் சுருளும் கூடாது.

இரண்டாவது குறை பெரியது. பெண் உட்கார்ந்த இடத்திலேயே முட்டையிட்டுவிட்டுச் சாகும். பறந்து போய் மல்பெரியைத் தேடும் அவசியம் அவளுக்கு இல்லாமல் செய்துவிட்டோம். லினலூலை மோப்பம் பிடிக்கிறாள் என்று நரம்புப் பதிவு சொல்லும். மேசைமேல் லினலூல் வைத்தால் அவள் நடந்து காட்ட மாட்டாள். ஆண் பக்கத்துக்குப் படம் படமாகத் தரவு குவியும், பெண் பக்கம் "பதில் இல்லை" என்ற ஒரே வரியோடு நிற்கும். ஆய்வேட்டைப் படிப்பவர் பெண்ணுக்கு மோப்பமே மட்டு என்று நினைத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

புகையிலைக் கொம்புப்புழு

இது பாடநூல் நாயகன், மாண்டுகா செக்ஸ்டா. உள்ளங்கை அகலத்துக்கு வரும் பருந்து அந்துப்பூச்சி. பூச்சி பெரியது என்றால் மூளையும் முடிச்சும் பெரியவை, மின்முனையைச் செருகுவது சுலபம். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜான் ஹில்டிபிரான்ட் குழு பல பத்தாண்டுகள் இதை வைத்தே வேலை செய்தது.

நம் மாணவிக்கு இது கிடைக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. தக்காளியையும் புகையிலையையும் மொட்டையடிப்பது. வேற்றுநாட்டுப் பயிர்த்தின்னியை உயிரோடு கொண்டுவர அனுமதி கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் அவள் பட்டமே வாங்கிவிடுவாள். நம் எள்ளுச் செடியிலும் கொம்புப்புழு இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் வருடம் முழுக்க வளர்த்துக் கொடுக்க ஆளில்லாத பூச்சியை நம்பி ஆறு மாத வேலையில் இறங்க முடியாது.

பிறகு ஏன் பட்டியலில் வைத்தேன்? பெண்ணின் மூளையில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு நேரான பதில் இதில்தான் கிடைத்தது. ஆணில் பெருமுடிச்சுத் தொகுதி இருக்கும் அதே வாசலில், பெண் மாண்டுகாவுக்கு இரண்டு பெரிய முடிச்சுகள் உண்டு. அவை பெரோமோனுக்கானவை இல்லை. அவற்றில் ஒன்று லினலூலுக்குப் பலமாகப் பதில் சொல்கிறது. செடி விடும் லினலூலின் இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில் எது அதிகம் என்பதைப் பொறுத்து முட்டையிடுவதா வேண்டாமா என்று பெண் முடிவு செய்கிறாள். ஆண் பெண்ணைத் தேடுவதற்கு ஒதுக்கிய அதே இடத்தை, பெண் பிள்ளைகளுக்கு இடம் தேடுவதற்கு ஒதுக்கியிருக்கிறாள்.

உணர்கொம்பு மாற்று அறுவையை நடத்தியதும் இந்தப் பூச்சியில்தான். ஆண் புழுவின் உணர்கொம்பு மொட்டை எடுத்துப் பெண் புழுவில் ஒட்டினார்கள். கூட்டுப்புழுப் பருவத்தில் அந்த ஆண் கொம்பிலிருந்து இழைகள் பெண் மூளைக்குள் போய், அங்கே ஆணுக்குரிய பெருமுடிச்சு உருவானது. 1986இல் வந்த கட்டுரையில், அப்படி ஒட்டிய பெண்கள் பெரோமோனை நோக்கிக் காற்றுக்கு எதிரே பறந்தன. 2010இல் தலைகீழாக ஒன்று: பெண் கொம்பு ஒட்டிய ஆண்கள், பெண்ணைப் போலத் தக்காளிச் செடியைத் தேடிப் போயின. மாணவியிடம் இந்த இரண்டு கட்டுரையையும் எந்தப் பூச்சியை எடுத்தாலும் படித்துவிடச் சொன்னேன். பூச்சி கிடைக்காவிட்டாலும் கேள்வி கேட்கும் விதம் இங்கிருந்துதான் வர வேண்டும்.

பச்சைக் காய்ப்புழு

ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. பருத்தி, தக்காளி, துவரை, கொண்டைக்கடலை என எதையும் விடாது. நம்மூரில் வயலுக்குப் போனால் கிடைக்கும். இனக்கவர்ச்சிப் பொறிக்கான லூர், அதாவது பெரோமோன் ஏற்றிய தூண்டில், உரக்கடையிலேயே விற்பதால் பெரோமோனுக்கும் அலைய வேண்டாம். வேதியியலும் அழகு. இரண்டு ஆல்டிஹைடுகள், ஏறக்குறைய 97க்கு 3 என்ற விகிதம். இதன் நெருங்கிய உறவான ஹெலிகோவெர்பா அசல்டாவிலும் சரக்கு அதேதான். விகிதம் மட்டும் தலைகீழ். ஆணின் பெருமுடிச்சுத் தொகுதி மூன்று முடிச்சுகள். 2017இல் சீனக் குழு ஒன்று ஓர் ஏற்பியின் மரபணுவை வெட்டிப் பார்த்தது. அந்த ஏற்பி இல்லாத ஆண்கள், முட்டை முதிராத பெண்களோடும் இணைசேர்ந்தன. முட்டை முதிரவில்லை என்பதை ஆணுக்குச் சொல்லும் வாசனையை அவை இழந்துவிட்டன.

படிக்க நன்றாக இருக்கிறது. வளர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் கஷ்டம். ஒரு டப்பாவில் இருபது புழு போட்டால் மறுநாள் ஒன்பது இருக்கும். மிச்சத்தை இந்த ஒன்பதும் தின்றிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி, தனித் தீனி. கடலைமாவு, ஈஸ்ட், அகார் போட்டுக் கிளறும் செயற்கை உணவு பூஞ்சை பிடித்தால் மொத்தமும் போச்சு. அவசரத்துக்கு வெண்டைக்காய்த் துண்டு ஓடும். பூச்சியானதும் ராத்திரி ஜீவன்: பின்னிரவில்தான் பெண் பெரோமோன் விடும். பகலை இரவாக மாற்றிய அறையும், சிவப்பு விளக்கும், பறக்கவிடக் காற்றுச் சுரங்கமும் வேண்டும். எங்கள் துறையில் சிவப்பு பல்பு மட்டும் இருக்கிறது.

ஈ.ஏ.ஜி. கருவி வைத்திருக்கிற இடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தால் இதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். ஒரு செமஸ்டருக்கு வேண்டாம்.

புரோடீனியா

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இதற்குப் புகையிலை வெட்டுப்புழு என்றும் பெயர் உண்டு. மேலே சொன்ன கொம்புப்புழுவுக்கும் இதற்கும் புகையிலையைத் தவிர சம்பந்தமில்லை. இது ஸ்போடோப்டெரா லிடூரா.

நான் நினைத்ததைவிட இந்தப் பூச்சி நன்றாகப் போட்டி போட்டது. ஆமணக்கு இலை போதும்; கல்லூரிக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அது தானாகவே வளர்ந்து கிடக்கிறது. காய்ப்புழுவைப் போல ஒன்றையொன்று தின்றுதீர்ப்பதில்லை, ஒரே தொட்டியில் கூட்டமாக வளர்க்கலாம். முட்டையிலிருந்து பூச்சி வர ஒரு மாதத்தை ஒட்டித்தான் ஆகும், ஒரு செமஸ்டரில் மூன்று தலைமுறை பார்த்துவிடலாம். லூரும் கடையில் கிடைக்கிறது.

பெண் பக்கம் சொல்ல இதில் நிறைய இருக்கிறது. இதன் உடன்பிறப்பு மாதிரியான எகிப்தியப் பருத்தி இலைப்புழுவில், தன் பெரோமோனைத் தானே உணரும் நரம்பணுக்கள் பெண்ணின் கொம்பிலும் இருப்பதை 1993இலேயே காட்டிவிட்டார்கள். பட்டுப்பூச்சியைப் பார்த்துவிட்டு "அந்துப்பூச்சிப் பெண்ணுக்குத் தன் வாசனை தெரியாது" என்று பொதுவாக எழுதினால் இங்கே இடிக்கும். இன்னொன்று, அதே இலைப்புழுவில் 2012இல் வந்த ஆய்வு: இணைசேராத பெண் பூவின் வாசனைக்குப் போகிறாள், இணைசேர்ந்த பிறகு பருத்தி இலையின் பச்சை வாசனைக்குப் போகிறாள். உணர்கொம்பு மடலின் முடிச்சுகளே அதற்கேற்ப மாறிப் பதில் சொல்கின்றன. ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் இது அடங்காது. பெண்ணுக்குள்ளேயே நேற்று ஒரு மூக்கு, இன்று ஒரு மூக்கு.

இங்கே ஒரு விவசாயி ஞாபகத்துக்கு வருகிறார். நிலக்கடலைக் காட்டில் ஏக்கருக்கு ஐந்து பொறி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பொறியின் பையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல விழுந்தது பூராவும் ஆணுங்கம்மா. முட்டை வைக்கிறது பொம்பளைப் பூச்சிதானே? அதுக்கு என்ன வச்சிருக்கீங்க?" ஆண் வரத்தை எண்ணினால் முட்டை எப்போது விழும் என்று கணிக்கலாம் என்று சொன்னேன். அது சரியான பதில்தான், ஆனால் அவர் கேட்டதற்கான பதில் இல்லை. பெண் எந்தச் செடி வாசனைக்கு வருவாள் என்று தெரிந்தால்தான் அவருக்குப் பதில் சொல்ல முடியும். பட்டுப்பூச்சியில் எத்தனை வருடம் வேலை செய்தாலும் அது வராது.

புரோடீனியாவின் குறை காய்ப்புழுவுடையதேதான்: இரவு வேலை, பறக்கும் பூச்சி. ஒய் வடிவக் கண்ணாடிக் குழாயில் இணைசேர்ந்த பெண்ணை விட்டு, ஒரு கையில் ஆமணக்கு இலை, மறு கையில் வெறும் காற்று வைத்துப் பார்க்கலாம். கருவி மலிவு. ஆனால் பொறுமை வேண்டும். பாதிப் பூச்சிகள் குழாயின் நுழைவாயிலிலேயே உட்கார்ந்து விடியவைத்துவிடும்.

முடிவு

ஒரு வாரம் கழித்து அவளைக் கூப்பிட்டு, பூச்சியின் பெயரைச் சொல்லவில்லை. உனக்கு ஆண் பக்கம் வேண்டுமா பெண் பக்கம் வேண்டுமா என்று கேட்டேன். "ரெண்டும்தான் மேடம், வித்தியாசம்தானே தலைப்பு" என்றாள். நியாயம்தான். ஆனால் அவளிடம் இருப்பது ஐந்து மாதம், ஒரு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப், ஒரு மேசை விசிறி.

அதனால் பட்டுப்பூச்சி. காரணம் அது சிறந்த பூச்சி என்பதற்காக இல்லை. தவறு நடந்தால் அடுத்த வாரம் மறுபடி கூடு வாங்கி முதலிலிருந்து தொடங்கலாம் என்பதற்காக. மற்ற மூன்றில் எதிலும் அந்த வசதி கிடையாது. ஐந்து மாத வேலையில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக மதிப்பெண் போடுவேன்.

ஒரு நிபந்தனை வைத்தேன். ஆணை மட்டும் ஆடவிட்டுப் படம்பிடித்து முடிக்கக் கூடாது. பெண்ணின் உணர்கொம்பையும் ஆணின் கொம்பையும் ஒரே உருப்பெருக்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மயிர்களை வகைபிரித்து எண்ண வேண்டும். அத்தியாயத்தின் தலைப்பில் "பெண்ணில் இல்லாதவை" என்ற சொற்கள் இருக்கக் கூடாது. கூடவே ஒரு தொட்டியில் புரோடீனியாவையும் ஆமணக்கு இலையில் ஓடவிடச் சொன்னேன். ஜனவரிக்குள் பட்டுப்பூச்சித் தரவு கையில் வந்துவிட்டால், மிச்சக் காலத்தில் பெண்களை ஒய் குழாயில் விட்டுப் பார்க்கலாம். வராவிட்டால் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் போகலாம், நஷ்டமில்லை.

புதன்கிழமை தருமபுரிக்குப் போகிறாள். கூட்டைக் காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே கூட்டுப்புழு கலகலவென்று தட்ட வேண்டும். சத்தம் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்று இன்னும் புழுவாகவே இருக்கிறது, இல்லையென்றால் உள்ளேயே செத்துவிட்டது. திரும்பி வரும்போது பெண்ணுக்கென்று தனியாக ஓர் இடுக்கியும் வாங்கி வருவாள்.